பானெட்டில் சூடு

எஞ்சின் இல்லாத வண்டியின் பானெட் சூடாக இருந்தது.

வீரபாண்டியன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை, சூடுதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவந்து இப்போதுதான் நின்ற வண்டியில் இருக்குமே, அந்த மாதிரிச் சூடு. வெளியே மூன்று நாளாக விட்டு விட்டு மழை. ஷெட்டின் தகரக் கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். சுவரில் கை வைத்தால் சில்லென்றது, ஸ்பானர்கள் கிடந்த இரும்பு மேஜை சில்லென்றது, நேற்று அவனே இறக்கிய பழைய எஞ்சின் மூலையில் இரண்டு லாரி டயர்களின் மேல் கறுப்பாகக் குளிர்ந்து உட்கார்ந்திருந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே வெறும் குழி. அவிழ்த்துவிட்ட வயர்கள், வாயில் துணி அடைத்த குழாய்கள், அவற்றின் நடுவே கீழே தெரிகிற சிமெண்டுத் தரை. இதில் சுடுவதற்கு என்ன இருக்கிறது?

மழைக்கு ஒதுங்கி ஏதாவது நாய் ஏறிப் படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேற்று சாயங்காலம் ஷெட்டைப் பூட்டியவனும் அவன்தான், இப்போது திறந்தவனும் அவன்தான். நாய் சாவி போட்டுக்கொண்டா வந்தது? போடா, வேலையைப் பார் என்று மனசை அதட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தான்.

பதினாறு வருஷம் தனியார் பஸ் கேரேஜில் எஞ்சின் இறக்கி ஏற்றிய கை அது. ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்குப் பின்னால் இந்தத் தகர ஷெட்டை அவன் வாடகைக்குப் பிடித்ததே இந்த ஒரு வண்டிக்காகத்தான். ஹௌராவில் பூட்டிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியின் பின்புறம், இடுப்பு உயரப் புல்லுக்குள் கிடந்தது அது. அறுபதுகளில் வந்த பெட்ரோல் பிக்கப். உருண்டை முகம், முழித்துப் பார்க்கிற இரண்டு விளக்கு, பின்னால் மரப்பலகை போட்ட தொட்டி. பார்த்த மாத்திரத்தில் மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்கத்தா பவானிபூரில் அவன் மனைவி கல்யாணி நடத்துகிற டிபன் கடை இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். டிசம்பரோடு காலி செய்ய வேண்டும். அதற்குள் இந்த வண்டிக்கு இன்றைய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, தொட்டியில் அடுப்பும் தோசைக்கல்லும் ஏற்றி, நியூ டவுனில் ஐ.டி. கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். காகித வேலைகளை ஒரு ஏஜெண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணிக்கும் ஏழு வயசு மகள் சங்கவிக்கும் இனிமேல் சோறு போடப்போவது இந்தத் தவளைமூஞ்சி வண்டிதான். வேறு வழி எதையும் அவன் யோசித்து வைக்கவில்லை.

நேற்று நடந்ததை நினைத்துப் பார்த்தான். நேற்று விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவிலும் ஹௌராவிலும் அன்றைக்கு ஒரு மிஷின் ஓடாது. லேத் பட்டறை, பஸ் கேரேஜ், ரிக்ஷா ஸ்டாண்ட் எல்லாம் கழுவித் துடைத்து, சாமி சிலை வைத்து, மைக் செட்டு போட்டுக்கொண்டு கிச்சடி சாப்பிடுவார்கள். பக்கத்துப் பட்டறை முகமது ரபீக் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கையில் மண்கோப்பை டீயுடன் வந்து வாசலில் நின்றார். ஆம்பூர்க்காரர். தோல் ஃபேக்டரி வேலைக்கென்று டாங்ராவுக்கு வந்து, வெல்டராகி, முப்பது வருஷமாக இங்கேயே தங்கிவிட்டவர்.

"இன்னா பாண்டி, செயின் புல்லியெல்லாம் மாட்டிக்கினு நிக்கிற? இன்னிக்குக் கைய வெக்காத. இந்த ஏரியாவுல ஒரு லேத்தாவது ஓடுதா பாரு. நான் அஞ்சு வேளை தொழுவுறவன், நானே மிஷினை மூடி வெச்சிட்டு வந்துட்டேன்."

"அது இவங்க பூஜை பாய். எங்களுக்கு ஆயுத பூஜை இன்னும் மூணு வாரம் இருக்கு. அன்னிக்கு நான் எதையும் தொடமாட்டேன், போதுமா?"

"யார் பூஜைன்னு மிஷினுக்குத் தெரியுமாடா? வருஷத்துல ஒரு நாள் அதுக்கு ரெஸ்டு. அந்த ஒரு நாள்ல போய் நெஞ்சத் தொறக்கிறியே" என்றார் ரபீக். சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்து, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

வீரபாண்டியன் தனியாகவே செயின் புல்லியில் எஞ்சினைத் தூக்கினான். கடைசி போல்ட்டு கழன்றபோது வண்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, தூங்குகிற குழந்தை புரண்டு படுக்கும்போது விடுகிற மூச்சு மாதிரி. ஸ்பிரிங் தளர்ந்த சத்தம் என்று நினைத்துக்கொண்டான். இருநூறு கிலோ பாரம் இறங்கினால் ஸ்பிரிங் தளரத்தானே செய்யும், வண்டியின் முன்பக்கம் இரண்டு விரற்கடை மேலே எழும்பத்தானே செய்யும்.

இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குனிந்து, முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தான். எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் நாலு விரல் இடைவெளி இருந்தது. இப்போதும் நாலு விரல்தான்.

வண்டி எழும்பவே இல்லை. தூக்கி வெளியே வைத்த பாரம் இன்னும் உள்ளேயே இருந்தது.

*

அந்த வாரத்திலேயே பழைய எஞ்சினைக் காயலான் கடைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அது ஓடிய சத்தத்தை ஒரே ஒரு தடவைதான் அவன் கேட்டிருக்கிறான். வண்டி வந்த முதல் நாள் பெட்ரோல் ஊற்றிச் சுற்றியபோது, அரை நிமிஷம் உயிர் வந்தது. டக் டக் டக், பிறகு ஒரு துடிப்பு விட்டுப்போய், மறுபடி டக் டக் டக். ஒரு சிலிண்டர் செத்த எஞ்சின். அது போய்த் தொலைந்ததும் ஷெட்டே விசாலமான மாதிரி இருந்தது.

பானெட் மட்டும் காலைதோறும் சுட்டது.

பிரமையாக இருக்குமோ என்று சோதித்துப் பார்த்தான். சாயங்காலம் போகும்போது பானெட்டின் மேல் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை நிறுத்திவைத்தான். காலையில் அது உருகி, வழிந்து, பம்பர் வரைக்கும் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. மறுநாள் பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான். காலையில் தகடு ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அப்பாடா என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தற்செயலாகப் பக்கத்து சீட்டில் கையை ஊன்றினான். ஊன்றிய இடம் சுட்டது. தடவிப் பார்த்தான். சீட்டு முழுக்கச் சூடு இல்லை. நடுவில் ஒரு சின்ன வட்டம், ஒரு குழந்தை உட்காருகிற அளவு. அன்றைக்கு மத்தியானம் அவன் சோறு இறங்காமல் டப்பாவை மூடிவைத்தான்.

புது எஞ்சின் வந்தது. விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றியது, எஞ்சினில் ஒரு கீறல் கிடையாது. கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், தலைமுடி மாதிரி நூறு வயர். ரபீக் அதை உட்கார வைக்க இரும்பில் புதுத் தாங்கிகள் அடித்துக் கொடுத்தார். பழைய கியர்பாக்ஸுக்கும் புது எஞ்சினுக்கும் நடுவில் வைக்க லேத்தில் ஒரு வட்டத் தகடு கடைந்தார்கள். வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. எஞ்சினை இறக்கி உட்கார வைத்ததும் வண்டியின் முன்பக்கம் ரொம்பத் தாழ்ந்து போயிற்று. இரண்டு எஞ்சின் சுமக்கிற வண்டி மாதிரி.

"இன்னாப்பா இவ்ளோ குனியுது?" என்றார் ரபீக்.

"ஸ்பிரிங் வயசாயிடுச்சு பாய்."

ரபீக் அதற்குள் முன்பக்கத்தை விட்டு நகர்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இடதுபக்கக் கதவை. அதன் உள்பக்கத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்திருந்தது. கண்ணாடியை இறக்குகிற சுற்றுப்பிடியையும் காணோம். வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளேயிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

"யாரோ கொழந்தைய வெச்சிக்கினு வண்டி ஓட்டிருக்கான்" என்றார். "ஓட்டும்போது கதவத் தொறந்துக்கினு வுழுந்துடப் போவுதுன்னு கைப்பிடியக் கழட்டிட்டான். பாவம், வூட்ல பாத்துக்க ஆள் இல்லாத கொழந்தயோ இன்னாவோ."

கால் வைக்கிற இடத்தில் மக்கிப்போன சாக்கு ஒன்று கிடந்தது. ரபீக் அதை ஸ்க்ரூடிரைவரால் ஒதுக்கினார். கீழே தகடு துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே பழைய புகைக்குழாய் உடைந்து வாயைப் பிளந்திருந்தது. இரண்டு பேரும் தொழில்காரர்கள். ஒருத்தருக்கொருத்தர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஓட்ற வரிக்கும் பரவால்ல, காத்து அடிச்சிக்கினு போயிடும்" என்றார் ரபீக் மெதுவாக. "எஞ்சினை ஆஃப் பண்ணாம, இவன் மட்டும் எறங்கி எங்கனா போயிருந்தான்னா..."

அந்தப் புகை மூச்சு முட்ட வைக்காது, தூக்கம் மாதிரி வரும். கேரேஜில் அப்படிச் செத்துப்போன ஒரு கிளீனரை வீரபாண்டியனே பார்த்திருக்கிறான். முகம் தூங்குகிற மாதிரியே இருந்தது.

ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேனுடைய நம்பர் அவன் ஃபோனில் இருந்தது. ஒரு ஃபோன் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். அவன் போடவில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் வண்டியை என்ன செய்வது? கல்யாணியிடம் என்னவென்று சொல்வது? ஓட்டையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து அன்றைக்கே வெல்டு அடித்தான். ரிவெட்டுகளை அறுத்தான். நாலு திருகாணி போட்டுப் புதுக் கைப்பிடியை மாட்டி, பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தான்.

மறுநாள் காலையில் கைப்பிடி சீட்டின் மேல் கிடந்தது. பக்கத்தில் நாலு திருகாணிகளும் வரிசையாக, குழந்தைகள் விளையாட்டுக்கு அடுக்குகிற மாதிரி அடுக்கியிருந்தன.

திருப்பி மாட்டினான். ரபீக்கிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

*

அதற்கப்புறம் அவனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் ஷெட்டு நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான். பவானிபூர் வீட்டில் தெருவில் எந்த வண்டி வந்து நின்றாலும் ஜன்னலுக்குப் போனான். சட்டையில், தலையணையில், சாம்பார் வாசனைக்கு நடுவில்கூட அவனுக்கு அந்தப் பழைய பெட்ரோல் புகை அடித்தது.

"என்னங்க, ரெண்டு வாரமா ஒழுங்கா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல" என்றாள் கல்யாணி. கடையில் இட்லித் தட்டுக்குத் துணி விரித்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டியில ஏதாவது கோளாறா? எங்கிட்ட சொல்லுங்க."

பாதியைச் சொன்னான். எஞ்சின் ஓடாதபோதும் பானெட் சுடுகிறது என்றான்.

கல்யாணி சிரித்துவிட்டாள். "சுட்டா நல்லதுதானே? தோசைக்கல்லு மிச்சம். மாவை அதுலயே ஊத்திடலாம்."

அவனும் சிரித்து வைத்தான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அந்த வண்டியில் மாட்டுவதற்குப் பெயர்ப்பலகைகூட எழுதக் கொடுத்துவிட்டாள்.

சங்கவிக்கு அந்த வாரம் முன்பல் விழுந்தது. ஓட்டை வாயைக் காட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். சித்தி முறை வைத்துக் காக்கிமா என்று அவள் கூப்பிடுகிற மாடி வீட்டு வங்காளி அம்மாள் அவளைப் பார்த்தாலே சிரித்தாள். ஆனால் பெண் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்றது. எழுப்பி உட்கார வைத்தால் தலை வலிக்கிறது என்று மறுபடி சாய்ந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பூஜா லீவு விட்டால் சரியாகிவிடும் என்றார்.

ஒருநாள் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஷோனோ அப்பா, கேளேன், நம்ம வண்டியில கதவு ஏன் உள்ளேருந்து தொறக்கல?"

அவள் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை. ஷெட்டுக்கே வந்ததில்லை.

"யாரும்மா சொன்னா?"

"நான்தான் தட்டினேனே. ரொம்ப நேரம் தட்டினேன். நீ டீ குடிக்கப் போய்ட்ட."

"எப்பம்மா?"

"கனவுல" என்றாள் சங்கவி. சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

வண்டியை விற்றுவிடலாமா, உடைத்துப் போட்டுவிடலாமா என்று வீரபாண்டியன் அன்று ராத்திரி முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். ஆனது ஆகட்டும், இவள் மட்டும் அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தான். வண்டியில் அவன் இருப்பான், கல்யாணி இருப்பாள், இவள் வீட்டில் இருக்கட்டும். அந்த முடிவு ஏதோ பெரிய தாயத்து மாதிரி அவனுக்குக் கொஞ்சம் தூக்கம் கொடுத்தது.

*

நவமி அன்று ஆயுத பூஜை. காலையிலேயே வண்டியைக் கழுவித் துடைத்துப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி வைத்திருந்தான். ஸ்பானரெல்லாம் துணி விரித்து அடுக்கியாயிற்று. ரபீக் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இன்னிக்கு உங்க நாளு. இன்னிக்காவது அத்த சும்மா வுடு பாண்டி."

"தொடமாட்டேன் பாய். சொன்னா சொன்னதுதான்."

இடதுபக்கக் கதவின் கைப்பிடியைப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. பானெட்டைத் தொட்டான். அன்றைக்கு மட்டும் அதில் சூடே இல்லை. பூஜை நாளோடு தொலைந்தது என்று நினைத்து அவனுக்கு நெஞ்சே நிறைந்துபோயிற்று.

மூன்று மணிக்குக் கல்யாணி வந்தாள். பட்டுப்புடவை, ஒரு கையில் பூஜைக் கூடை, இன்னொரு கையில் சங்கவி.

"இவளை ஏன் கூட்டிட்டு வந்த? காக்கிமா வீட்ல விடச் சொன்னேன்ல?"

"நல்ல நாளும் அதுவுமா பெத்த பொண்ணை ஊரார் வீட்ல விட்டுட்டா வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே கற்பூரத்தை எடுத்தாள்.

யார்டுக்கு அந்தப் பக்கப் பந்தலிலிருந்து டாக் மேளம் விடாமல் கேட்டது. பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். கல்யாணி கூடையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"டயருக்கு அடியில வச்சு ஒரு அடி நகத்துங்க."

"ஆயுத பூஜையன்னிக்கு வண்டிய எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒரு அடி நகத்துறது எடுக்கறதா? நாளைக்கு ஊரெல்லாம் சாமி கரைக்கிற கூட்டம், யாரு மறுபடியும் பாலம் தாண்டி ஹௌராவுக்கு வர்றது? எலுமிச்சம்பழம் நசுங்காம பூஜை எப்படிங்க முடியும்?"

சரி, ஒரு அடிதானே. தான் மட்டும் ஏறி நகர்த்திவிட்டு இறங்கிவிடலாம். பழங்களை வாங்கிக்கொண்டு போய் முன்னால் இரண்டு வைத்தான். பின்னால் போய்க் குனிந்து மூன்றாவதை வைத்தான். நாலாவதை வைக்கும்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இடதுபக்கக் கதவு.

"வீட்டுப் பொண்ணு முதல்ல உக்காரட்டும்ங்க. மகாலட்சுமியே ஏறின மாதிரி" என்றாள் கல்யாணி.

கண்ணாடிக்குள்ளிருந்து சங்கவி ஓட்டைப் பல்லைக் காட்டிக் கையாட்டினாள். சரியாக அந்த இடத்தில், அந்தச் சின்ன வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

இறக்கு என்று கத்த வாயெடுத்தான். ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்கு, நல்ல நாளில், கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது? தரைத்தகடு புதுசு. அவன் கையால் வெல்டு அடித்தது. கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது. புது எஞ்சினின் புகை பின்னால், ரொம்பப் பின்னால் போகிறது. ஒரு அடி. ஐந்து நொடி. அவன் ஏறிச் சாவியைத் திருகினான்.

புது எஞ்சின் அழகாகப் பிடித்தது. மிக்ஸி அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. வண்டி உருண்டது, பழங்கள் பொளக் பொளக்கென்று நசுங்கின, கல்யாணி கைதட்டினாள். "அப்படியே இருங்க, ஆரத்தி கரச்சிட்டு வர்றேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனாள்.

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தன.

டக் டக் டக்.

ஒரு துடிப்பு விட்டது.

டக் டக் டக்.

சாவியை உருவிக் கையில் எடுத்தான். நிற்கவில்லை. அது பானெட்டுக்கு அடியிலிருந்து வந்தது, காயலான் கடைக்குப் போன எஞ்சினின் சத்தம். ஸ்டியரிங் அதிர்ந்தது. காலடியிலிருந்து, புதுத் தகடு இருந்த இடத்திலிருந்து, நீலமாகப் புகை எழும்பியது. பழைய பெட்ரோல் வாசனை.

"சங்கவி!"

"தூக்கம் வருதுப்பா..."

தலை தொங்கியது. அவளுக்குப் பக்கத்துக் கதவைப் பார்த்தான். கைப்பிடி இல்லை. டாஷ்போர்டின் மேல் நாலு திருகாணி. வரிசையாக.

தன் பக்கக் கதவைத் திறந்து வெளியே குதித்தான். வண்டியின் முகத்தைச் சுற்றி ஓடினான். பானெட் சட்டையோடு சேர்த்து இடுப்பைச் சுட்டது. வெளிக் கைப்பிடியை இழுத்தான். கதவு சுலபமாகத் திறந்தது. புகைக்குள் கையை விட்டான். சீட்டில் சுருண்டு கிடந்த குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பத்தே அடி தூரம். ஷெட்டு வாசல். வெளிச்சம், காற்று, மேளச் சத்தம்.

பின்னால் இரண்டு கதவுகளும் படீரென்று சாத்திக்கொண்டன.

"ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, அப்பா இருக்கேன்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவனுக்கு அழுகை வந்தது. குழந்தையின் இரண்டு கைகளும் கழுத்தைக் கட்டிக்கொண்டன. உயிர் இருக்கிறது. உடம்பு சூடாக இருக்கிறது. இதயத் துடிப்பைப் பார்க்க முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

சூடு. ஒரே சீரான சூடு. அவன் கைக்குப் பழகிய சூடு. இன்னும் அழுத்தினான்.

உள்ளே எதுவும் ஓடவில்லை.

தட்.

தட் தட்.

திரும்பிப் பார்த்தான்.

வண்டிக்குள், மூடிய கண்ணாடிக்குப் பின்னால், சங்கவி. இரண்டு உள்ளங்கையாலும் தட்டினாள். வாய் அப்பா அப்பா என்று திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. விழுந்த பல்லின் இடம் கறுப்பாகத் தெரிந்தது. அவள் மார்பு வரை நீலப் புகை ஏறியிருந்தது.

ஓடத்தான் பார்த்தான். கால் எழவில்லை. தோளில் இருந்தது கனத்தது. முதலில் ஏழு வயசுக் குழந்தையின் கனம். பிறகு அரிசி மூட்டை. பிறகு செயின் புல்லி போட்டுத் தூக்குகிற கனம். முழங்கால் மடங்கி மண்ணில் பதிந்தது. கழுத்தைக் கட்டியிருந்த கைகளைப் பிய்த்தான். அவை இரும்பாக இறுகின.

கல்யாணி ஆரத்தித் தட்டோடு வந்தாள். முதலில் வண்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்னங்க... யாருங்க அது, கையில?"

தட்டு விழுந்தது. சிவப்புத் தண்ணீர் மண்ணில் ஓடியது. அவள் பாய்ந்து போய் டிரைவர் பக்கக் கதவை இழுத்தாள், அது அசையவில்லை, சுற்றி ஓடிவந்து இடதுபக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி கழன்று அவள் கையோடு வந்தது. அதை வைத்தே கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவன் காதோடு சின்ன உதடுகள் ஒட்டின. பெட்ரோல் மணக்கிற மூச்சு. தூக்கக் கலக்கத்தில், வங்காள மொழியில், அப்பாவிடம் சொல்கிற மாதிரி அது சொன்னது.

"இனிமே என்னை விட்டுட்டுப் போகாதே, பாபா."

டக் டக் டக். ஒரு துடிப்பு விட்டது. கண்ணாடிக்கு உள்ளே தட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் கைகளில் ஒன்று, ஈரத் தடம் போட்டுக்கொண்டே, மெதுவாகக் கீழே இறங்கியது.